வேலா என்பது வேல் அல்ல: கோளரங்க நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கோளரங்க நிர்வாகத்தாருக்கும், தென்வான மண்டபத்தின் தமிழ்ப் பலகைகளை எழுதிய குழுவினருக்கும்,

உங்கள் மண்டபத்தின் இடப்பக்கச் சுவரில் மூன்று விண்மீன் கூட்டங்களின் பெயர்களை விளக்கி மூன்று பலகைகள் அடுத்தடுத்து மாட்டியிருக்கிறீர்கள். முதலாவது கரீனா. "ஒரு கிரேக்க இளவரசியின் பெயர்" என்று போட்டிருக்கிறது. அடுத்தது பப்பிஸ். "பெருநாய்க்கு அருகில் உள்ள நாய்க்குட்டி" என்கிறது. மூன்றாவது வேலா. "தமிழ்க் கடவுள் முருகனின் வேலைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லே மேலைநாட்டாரிடம் சென்று இப்பெயர் ஆயிற்று."

மூன்றும் தவறு. கரீனா என்பது கப்பலின் அடிமரம். நம் கடற்கரைத் தச்சர்கள் ஏரா என்பார்கள். பப்பிஸ் கப்பலின் பின்பகுதி. வேலா அந்தக் கப்பலின் பாய்கள். மூன்றும் சேர்ந்து ஒரே கப்பல், பழைய வானப் படங்களில் ஆர்கோ என்று இருந்தது. அதை உடைத்து இளவரசி ஒரு பக்கம், நாய்க்குட்டி ஒரு பக்கம், வேல் ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

இதை உங்களிடம் நான் சொல்வது மூன்றாவது முறை. மார்ச் மாதம் நேரில் வந்த அன்றே பார்வையாளர் பதிவேட்டில் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போனேன். இரண்டு வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் நான்கு பக்கம் அனுப்பினேன். ஜூனில் பதில் வந்தது, நான்கு வரி. பலகைகள் பொதுமக்களிடம் நல்ல வரவேற்பைப் பெற்றிருக்கின்றனவாம், வேலா – வேல் ஒலி ஒப்புமை மறுக்க முடியாததாம், தமிழ் ஆர்வத்தைத் தூண்டுவதே நோக்கமாம். சரி, பலகைதானே, என்றைக்காவது பெயின்ட் உரியும்போது மாற்றுவார்கள் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் அதே வாசகங்களைக் கையேடாக அச்சடித்துப் பள்ளிகளுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று போன வாரம் தெரிந்தது. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் வானியல் படித்தவன் இல்லை. கடற்கரையோரப் பள்ளி ஒன்றில் 31 வருடம் தாவரவியல் நடத்தியவன். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வீட்டில் எல்லோரும் ஒரு கார் எதிர்பார்த்தார்கள், நான் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். அது முதல் அமாவாசையை ஒட்டிய இரவுகளில் பழைய மாணவர்களின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. கோடியக்கரைப் பக்கம் கடல் தெற்கேயும் இருப்பதால் தென்வானம் அடிவானம் வரை தெரியும். ஊர் வெளிச்சம் முதுகுப் பக்கம் போய்விடும்.

இந்தப் பிப்ரவரியில் அப்படி ஒரு இரவு. மணி பத்தரை இருக்கும். அகத்தியர் என்று நாம் சொல்லும் கனோபஸ் உச்சியைத் தாண்டித் தென்மேற்காகச் சாய்ந்திருந்தது. நேர் தெற்கில், கடலுக்கு மேலே சுமார் 24 பாகை உயரத்தில், நான்கு விண்மீன்கள் சிலுவை போல நின்றன. பிள்ளைகள் "தென்சிலுவை, தென்சிலுவை" என்று கத்தினார்கள். அது தென்சிலுவை இல்லை. உண்மையான தென்சிலுவை அந்நேரம் தென்கிழக்கில் இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை. இவர்கள் பார்த்தது பொய்ச்சிலுவை. மாலுமிகளையே ஏமாற்றியதால் அந்தப் பேர். அதன் நான்கு மீன்களில் இரண்டு கரீனாவில் இருக்கின்றன, இரண்டு வேலாவில்.

"வேலான்னா என்ன சார்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். எட்டாம் வகுப்பு. பாய்கள் என்றேன். அவளோடு துணைக்கு வந்திருந்த தாத்தா அதுவரை படகு நிழலில் உட்கார்ந்து பேசாமல் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்ஜின் வருவதற்கு முன்னால் பாய்த்தோணி ஓட்டியவர். பாய் என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிட்டார். "எந்த வெள்ளி? காட்டுங்க" என்றார். அவருக்கு விண்மீன் எல்லாமே வெள்ளிதான். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பருமல் எங்கே?" என்றார். பருமல் என்றால் பாயைக் கட்டும் குறுக்குக் கட்டை. அதெல்லாம் இல்லை ஐயா, பாய் மட்டும்தான் என்றேன். "ஒரு பாயா, ரெண்டா?"

வேலாவைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஏனென்றால் விடை அந்தப் பெயரின் இலக்கணத்திலேயே இருக்கிறது.

வேலா பன்மை. இதன் ஒருமை இலத்தீனில் வேலும். (தமிழில் எழுதினால் இன்னும் மோசம், உடனே மயிலும் வந்து பக்கத்தில் நின்றுகொள்ளும்.) பாக்டீரியம் – பாக்டீரியா, டேட்டம் – டேட்டா என்று நாம் தினமும் பார்க்கிற அதே பன்மை விகுதிதான். வேலும் என்றால் விரித்துக் கட்டிய துணி. காற்றுப் பிடிக்கக் கட்டினால் கப்பல் பாய், வாசலில் தொங்கவிட்டால் திரை, வெயிலுக்குத் தலைக்கு மேலே இழுத்துக் கட்டினால் விதானம். ரோமாபுரியின் கொலோசியத்தில் கூட்டத்துக்கு நிழல் கொடுக்க விரித்த பிரம்மாண்டமான துணிக்கூரைக்கு வேலாரியும் என்று பேர். அதை இழுத்து விரிப்பதற்குக் கப்பற்படை மாலுமிகளையே வைத்திருந்தார்கள். பாய் கட்டத் தெரிந்தவனுக்குத்தானே பந்தலும் கட்டத் தெரியும்.

நம் வாயிலும் ஒரு வேலும் உண்டு. மேலண்ணத்தின் பின்பக்கம் மெத்தென்று தொங்கும் சதைக்கு உடற்கூறியலில் அதே பேர்தான், திரை போலத் தொங்குவதால். "க" என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் அடி எழும்பிப் போய்த் தொடுவது அதைத்தான்.

இனி, விண்மீன்களுக்குப் பெயர் வைக்கும் முறையைப் பாருங்கள். ஆல்ஃபா சென்டாரி என்கிறோம். சென்டாரஸ் என்ற பெயர் அங்கே சென்டாரி என்று ஆறாம் வேற்றுமையில் நிற்கிறது, "சென்டாரஸினுடைய ஆல்ஃபா" என்ற பொருளில். வேலாவின் மிகப் பிரகாசமான மீனுக்கு காமா வேலோரும் என்று பேர். வேலோரும் என்றால் "பாய்களுடைய". இலத்தீனில் பொதுப்பாலில் இந்த வகைச் சொல் பன்மையில் ஆறாம் வேற்றுமை ஏற்கும்போது இப்படித்தான் முடியும். வேல் என்ற தமிழ்ச் சொல்லை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள் என்றால், போன இடத்தில் அதற்கு ஒருமை, பன்மை, வேற்றுமை எல்லாம் ஒன்றுவிடாமல் "துணி" என்ற பொருளோடு எப்படி வந்து சேர்ந்தது? (வேலோரும் என்பதை வேலூர் என்று யாரும் பலகை எழுதிவிட வேண்டாம் என்றும் இதே இடத்தில் கேட்டுக்கொள்கிறேன்.)

அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். ஒன்றா இரண்டா என்றால், பல. பாய் விரித்துப் புறப்படுவதை இலத்தீன்காரர்கள் வேலா தாரே என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "பாய்களைக் கொடுத்தல்", காற்றுக்குக் கொடுத்தல். ஒரே ஒரு கப்பல் கிளம்பினாலும் பன்மையில்தான் சொல்வார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னபோது தலையாட்டினார். "காத்துக்குக் குடுக்கிறது. சரிதான்."

இரண்டு வாரம் கழித்து அந்தச் சிறுமி உங்கள் கோளரங்கத்துக்கு வந்தாள். நாற்பது பிள்ளைகள், ஒரு பேருந்து, நானும் துணைக்கு. சுற்றிப் பார்த்து முடிந்ததும் நீங்கள் ஒரு வினாடி வினா வைத்தீர்கள். பதினான்காவது கேள்வி: "வேலா என்ற பெயரின் பொருள் என்ன?" அவள் "கப்பல் பாய்கள்" என்று எழுதினாள். சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் "வேல்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தீர்கள். ஒரே ஒரு மதிப்பெண்ணில் அடுத்த சுற்றுக்குப் போக முடியாமல் நின்றாள். திரும்பி வரும்போது பேருந்தில் என் இருக்கைக்கு வந்து விடைத்தாளை நீட்டினாள். "தப்பா சொல்லிக் கொடுத்துட்டீங்களா சார்?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. நான் தப்பு, சுவரில் எழுதியிருப்பதுதான் சரி என்று அவள் முடிவு செய்துவிட்டாள், என் மனம் நோகாமல் கேட்டுப் பார்க்கிறாள், அவ்வளவுதான். 31 வருடத்தில் பிள்ளைகள் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இந்த ஒன்று மட்டும் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. பதிவுத் தபாலோடு உங்களுக்கும் வைத்து அனுப்பினேன். உங்கள் நான்கு வரிப் பதிலில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நீங்கள் எழுதிய ஒலி ஒப்புமைக்கு வருவோம். ஒலி ஒத்துப்போகிறது என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. இலத்தீன் வேலாவில் முதல் உயிர் நெடில்தான், நம் வேலில் இருப்பது போலவே. அதனால் முதலில் பார்த்தபோது எனக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நெடில் எப்படி வந்தது என்று தேடிப் போனால் விஷயம் வேறு.

இதைப் புரியவைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு அகத்திப் பூவை எடுங்கள். கொல்லையில் இல்லாவிட்டால் கீரைக்காரம்மாவிடம் கேளுங்கள். பெரிய இதழ் ஒன்று தனியாக நிமிர்ந்து நிற்கும். அதைத் தமிழ்வழிப் பாடப் புத்தகத்தில் கொடியல்லி என்று நடத்துவோம். இரண்டு பக்கமும் இரண்டு இதழ், சிறகல்லிகள். நடுவில் இரண்டு இதழ்கள் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு, குட்டித் தோணி மாதிரி வளைந்து, மகரந்தத் தாள்களையும் சூலகத்தையும் உள்ளே மறைத்து வைத்திருக்கும். படகல்லிகள். வருடா வருடம் பிளேடால் அந்தத் தோணியைக் கீறிக் காட்டுவேன். பின்வரிசைப் பிள்ளைகள்கூட எழுந்து வந்து பார்க்கிற பாடம் அது ஒன்றுதான்.

தாவரவியலில் அந்தப் படகல்லிக்கு இலத்தீன் பேர் கரீனா. ஆம், உங்கள் இளவரசியேதான். கப்பலின் அடிமரம் போல இருப்பதால் அந்தப் பேர். அந்தக் காலத்தில் தமிழில் பாடம் எழுதிய யாரோ ஒருவர் அதைப் படகல்லி என்று அழகாகக் கொண்டுவந்தார். அவருக்கு இளவரசி தோன்றவில்லை. பூவைப் பார்த்தார், சொல்லைப் பார்த்தார், எழுதினார்.

கொடியல்லிக்கு இலத்தீன் பேர் வெக்ஸில்லும். கொடி, படைக்கொடி. இலத்தீனில் இது ஒரு சிறுமைப் பெயர், அதாவது "குட்டி" என்ற பொருள் தரும் விகுதி ஏறிய சொல். எதன் குட்டி என்றால், வேலுமின் குட்டி. பெரிய துணி வேலும், சின்னத் துணி வெக்ஸில்லும். அப்படியென்றால் நடுவில் இருக்கிற க்ஸ் எங்கிருந்து வந்தது? வரவில்லை, முதலிலேயே இருந்தது. பெரிய சொல்லில்தான் அது தேய்ந்து விழுந்துவிட்டது. விழுந்த இடத்தை நிரப்ப முன்னால் இருந்த குறில் நெடிலாக நீண்டது. சிறகல்லிகளைக் குறிக்கும் ஆலா என்ற சொல்லிலும் இதே கதைதான். அதன் குட்டி ஆக்ஸில்லா, அதாவது அக்குள். இலையின் கக்கத்தில் முளைப்பதை ஆக்ஸிலரி மொட்டு என்று நாங்கள் நடத்துவது இதிலிருந்து வந்தது. ஆலாவில் விழுந்துபோன க்ஸ் ஆக்ஸில்லாவில் பத்திரமாக இருக்கிறது. இது நேற்றைய ஆராய்ச்சி இல்லை. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியப் பேச்சாளர் சிசெரோ இந்தச் சொற்களை அடுக்கி, அந்தக் கரடுமுரடான எழுத்தை இலத்தீனின் நாகரிகப் பழக்கம் பிடுங்கி எறிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்.

ஆக, வேலா என்ற சொல் பழைய உருவத்தில் வெக்ஸ்லா போல ஒன்று. அதற்கும் வேலுக்கும் ஒலியில்கூட ஒட்டு இல்லை. தேய்ந்து தேய்ந்து நம் சொல்லின் பக்கத்தில் வந்து நின்றது, அவ்வளவுதான்.

இந்த மாதிரித் தற்செயல் எங்கும் உண்டு. அமெரிக்கா 1963இல் வேலா என்ற பேரில் செயற்கைக்கோள்களை அனுப்பத் தொடங்கியது. யாராவது ரகசியமாக அணுகுண்டு வெடித்துச் சோதிக்கிறார்களா என்று கண்காணிக்க. 1967 ஜூலையில் அவை காமாக் கதிர் வெடிப்பு ஒன்றைப் பதிவு செய்தன. வந்தது பூமியிலிருந்து அல்ல, விண்வெளியிலிருந்து. 1973இல்தான் அந்தச் செய்தி வெளியே வந்தது. ஒரு புதிய வானியல் துறையே அதில் பிறந்தது. அந்த வேலாவுக்கும் விண்மீன் கூட்ட வேலாவுக்கும் சம்பந்தம் இல்லை. அது ஸ்பானிய மொழியின் வேலார், கண்விழித்துக் காவல் காத்தல். வேறு ஒரு இலத்தீன் வேர். ஸ்பானிய மொழிக்குள்ளேயே வேலா என்றால் பாயும் உண்டு, மெழுகுவத்தியும் உண்டு. இரண்டும் வேறு வேறு வேரில் வந்தவை. ஒரே எழுத்துகள், ஒரே மொழி, அப்படியிருந்தும் இரண்டு சொல். நீங்களோ ஒலியை மட்டும் வைத்து ஒரு சமுத்திரத்தையே தாண்டிவிட்டீர்கள்.

அகத்திப் பூவில் இன்னொன்றும் இருக்கிறது. கரீனாவின் தலைமை விண்மீன் கனோபஸ், நமக்கு அகத்தியர். அகத்திப் பூவின் படகு கரீனா. இதை வைத்து ஒரு பலகை எழுதினால் கூட்டம் கூடும். நான் எழுத மாட்டேன், அது தற்செயல் என்று எனக்குத் தெரியும்.

கப்பலின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் பலகைக்குப் பயன்படும். கிரேக்கக் கதையில் ஜேசன் என்பவன் பொன் ஆட்டுத்தோலைத் தேடிக் கடல் கடந்து போன கப்பல் ஆர்கோ. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி தொகுத்த 48 விண்மீன் கூட்டங்களில் அதுவும் ஒன்று. கிரேக்கர்கள் அதை முழுக் கப்பலாகப் பார்க்கவில்லை. பாதிக் கப்பல்தான். முன்பக்கம், நம் மீனவர்கள் சொல்லும் அணியம், அதற்குக் கிடையாது. பின்பகுதி முன்னால் வர, வானத்தில் பின்னோக்கி நகர்கிற கப்பல். பெருநாய் என்ற விண்மீன் கூட்டத்தின் வாலுக்குப் பின்னே அது வருகிறது. உங்கள் நாய்க்குட்டி பிறந்தது அந்த அண்டை வீட்டு உறவில்தான் போலிருக்கிறது.

கப்பல் ரொம்பப் பெரிது. இன்றைய எல்லைப்படி மூன்று துண்டையும் கூட்டினால் சுமார் 1,667 சதுரப் பாகை. வானத்தில் இன்று மிகப் பெரியதான ஹைட்ராவே 1,303தான். பிரெஞ்சு வானியலாளர் நிக்கோலா லூயி த லக்காய் 1751–52இல் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானத்து விண்மீன்களை ஆயிரக்கணக்கில் அளந்தார். இந்தக் கப்பலைப் பிரித்துக் கையாண்டவர் அவர்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு கூட்டத்தின் மீன்களுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கொடுக்கும் கிரேக்க எழுத்து வரிசையை அவர் முழுக் கப்பலுக்கும் ஒன்றாகவே கொடுத்தார். அதனால் ஆல்ஃபாவும் பீட்டாவும் கரீனாவுக்குப் போய்விட்டன. வேலாவில் ஆல்ஃபாவே கிடையாது, பீட்டாவும் கிடையாது, காமாவில்தான் ஆரம்பம். பப்பிஸுக்கு அதுவும் இல்லை, ஸீட்டாவில் தொடங்குகிறது. வீட்டைப் பாகம் பிரித்த பிறகும் பாத்திரங்களில் ஒரே பேர் வெட்டியிருப்பது போல இது. உங்கள் பலகையிலேயே "வேலாவின் பிரகாசமான விண்மீன்: காமா" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆல்ஃபா எங்கே என்று எழுதும்போது யாருக்கும் தோன்றவில்லையா? அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் கப்பல் கிடைத்திருக்கும்.

1922இல் ரோமில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் 88 விண்மீன் கூட்டங்களின் பட்டியலை ஏற்றுக்கொண்டபோது ஆர்கோ அதில் இல்லை. துண்டுகள் மூன்றும் தனித்தனியே இடம்பெற்றன. பெயர் மட்டும் போகவில்லை. டெல்டா வேலோரும் விண்மீனுக்கு இன்று அல்செஃபினா என்று பேர். அரபியில் சஃபீனா என்றால் கப்பல். கிரேக்கர், ரோமானியர், அரபியர் எல்லோரும் அங்கே கப்பலைத்தான் பார்த்தார்கள்.

நல்ல பலகை எழுத அந்த இடத்தில் சரக்குக்கும் பஞ்சமில்லை. வேலாவில் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒரு விண்மீனின் மிச்சம் இருக்கிறது. அந்த வெடிப்பில் மிஞ்சிய கருதான் 1968இல் கண்டுபிடித்த வேலா பல்சார், ஒரு விநாடிக்கு 11 தடவை சுழல்கிறது. காமா வேலோருமுக்கு ரீகர் என்று ஒரு செல்லப் பேரும் உண்டு. விண்வெளி வீரர் ராஜர் சாஃபியின் முதல் பெயரை ஆங்கிலத்தில் திருப்பி எழுதினால் வருவது. உடன் இருந்த கஸ் கிரிஸம் குறும்பாக விண்மீன் பட்டியலில் நுழைத்தது. 1967 ஜனவரியில் அப்போலோ 1 தீ விபத்தில் இருவருமே இறந்துபோனார்கள், பேர் தங்கிவிட்டது. இதில் ஒன்றுகூட உங்கள் பலகையில் இல்லை. இருக்கிற எட்டு வரியில் ஆறு வரி வேலுக்குப் போய்விட்டது.

"தமிழ் ஆர்வத்தைத் தூண்ட" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அந்த ஆர்வம் உண்டு, அதனால்தான் கோபம். வானத்தில் முருகனைக் காட்ட வேண்டுமா? கார்த்திகை இருக்கிறது. அறுமீன் என்று சங்கப் பாட்டிலேயே வருகிறது. உங்கள் வடவான மண்டபத்தில் அதற்கு ஒரு பலகை உண்டு, போய்ப் பார்த்தேன். "ஏழு சகோதரிகள்" என்று கிரேக்கக் கதை மட்டும் இருக்கிறது. கார்த்திகைப் பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை! நம்முடையது இருக்கிற இடத்தில் விட்டுவிட்டு, இல்லாத இடத்தில் நட்டிருக்கிறீர்கள். உலகக் கப்பல் மொழிக்குத் தமிழ் கொடுத்த சொல் வேண்டுமா? கட்டுமரம் இருக்கிறது, கேட்டமரான் என்று உலகம் முழுக்க ஓடுகிறது. எந்த அகராதியும் மறுக்காது.

பாய்க்குத் தமிழ் இல்லையா? புறநானூற்றின் 30ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். ஞாயிற்றின் செலவையும், அது இயங்கும் வட்டத்தையும், காற்று திரியும் திசையையும், வெறுமையாய் நிற்கும் வானத்தையும் போய் அளந்து வந்தவர்கள் போலச் சொல்பவர்களும் உண்டு என்றுதான் அது தொடங்குகிறது. முடியும் இடத்தில் ஒரு பெருங்கலம் புகார்த் துறைக்குள் வருகிறது, "கூம்பொடு மீப்பாய் களையாது". பாய்மரத்தையும் மேற்பாயையும் இறக்காமலே உள்ளே வருகிற அளவுக்கு ஆழமான துறை. வானத்தை அளப்பவர்களும் கப்பல் பாயும் ஒரே பாட்டில். வேலா பலகைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? இதைப் போட்டால் தமிழ் தானாக வந்து நிற்கும், யாருடைய சொல்லையும் நாம் பிடுங்க வேண்டியதில்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் பலகைகளில் சரியானவையும் உண்டு. வேலாவுக்குப் பக்கத்திலேயே பிக்ஸிஸ், "மாலுமியின் திசைகாட்டி" என்று சரியாக இருக்கிறது. அதற்கும் பக்கத்தில் ஆன்ட்லியா "மான் கொம்பு" ஆகிவிட்டது. அது காற்றை வெளியேற்றும் பம்பு, லக்காய் வைத்த பேர். ஆங்கிலத்தில் மான் கொம்புக்கு இருக்கும் சொல்லோடு யாரோ குழம்பியிருக்கிறார்கள். அப்படியானால் 88இல் வேறு எத்தனை இப்படி இருக்கிறதோ. நான் எண்ணியது தென்வான மண்டபத்தின் ஒரு சுவரை மட்டும்தான்.

இனி நான் கேட்பவை. பதிவுத் தபாலில் எழுதியவற்றோடு ஒன்றிரண்டு சேர்ந்திருக்கிறது.

கையேட்டின் அச்சை இன்றே நிறுத்துங்கள். அச்சாகிவிட்டால் கட்டைப் பிரிக்காமல் வையுங்கள். பள்ளிக்குப் போய்விட்டால் ஒரு தவறு நூறு வகுப்பறைச் சுவரில் ஏறும், அதற்கப்புறம் அதை எந்த ஆசிரியராலும் இறக்க முடியாது.

கரீனா, பப்பிஸ், வேலா, ஆன்ட்லியா நான்கு பலகைகளையும் கழற்றுங்கள். புதியது தயாராகும் வரை இடம் காலியாக இருந்தால் பரவாயில்லை. கரீனாவுக்கு ஏரா அல்லது அடிமரம், பப்பிஸுக்குக் கப்பலின் பின்பகுதி, வேலாவுக்குப் பாய்கள், பன்மையில். மூன்றும் ஒரு காலத்தில் ஒரே கப்பலாக இருந்தன என்பதைச் சொல்ல மூன்றுக்கும் பொதுவாக ஒரு படம் வையுங்கள்.

88 பெயர்களையும் இலத்தீன் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள், கத்தோலிக்கக் குருமடங்களில் இருக்கிறார்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள். கப்பல் சம்பந்தப்பட்ட தமிழ்ச் சொற்களைக் கடலுக்குப் போய்வந்த ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பருமலைப் படத்தில் எங்கே போடுவது என்று அவரே சொல்வார். பேருந்துக் கட்டணம் நான் தருகிறேன். பலகையின் அடியில் சரிபார்த்தவர் யார் என்று போடுங்கள். அடுத்த தவறை யாரிடம் சொல்வது என்றாவது எங்களுக்குத் தெரியட்டும்.

வடவான மண்டபத்தில் கார்த்திகைப் பலகையில் கார்த்திகையை எழுதுங்கள்.

கடைசியாக, மார்ச் மாத வினாடி வினாவின் பதினான்காவது கேள்வி. அன்று "பாய்" என்றோ "பாய்கள்" என்றோ எழுதியவர்களின் விடைத்தாள்களை எடுத்துத் திருத்தி மதிப்பெண் கொடுங்கள். அடுத்த சுற்று முடிந்துவிட்டது, அதை இனி நடத்த முடியாது என்று எனக்கும் தெரியும். அந்தச் சிறுமிக்கு நிர்வாகத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் எழுதுங்கள். அவள் எழுதியது சரி, நாங்கள் போட்ட கோடுதான் தவறு என்று இரண்டு வரி இருந்தால் போதும். பள்ளி முகவரி உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அவள் தேர்வு எண்ணும் விடைத்தாளின் மேலேயே இருக்கிறது. ஒரு மாதம் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்